பேய்ப் படங்களும் பேயாகிப் போன பெண்களும்



பயப்படுவதற்கென்றே காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் பிராணி உலகத்தில் மனிதன் ஒருவன்தான். நாயைக் கண்டால் பூனை ஓடும். புலியைக் கண்டால் மான் ஓடும். மனிதன் மட்டும் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, கச்சான் கொறித்துக்கொண்டு பயப்படுகிறான். படம் முடிந்ததும் "நல்ல படம்" என்கிறான். அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவும் துணை தேடுகிறான்!

நானும் அப்படிப்பட்ட ரசிகன்தான். எனக்குப் பிடித்த சில பேய்ப் படங்களின் வரலாற்றை இன்று உங்களோடு பேசலாம் என்று இருக்கிறேன். அவை யாரால் எடுக்கப்பட்டன, எந்தக் கதையிலிருந்து பிறந்தன என்று பார்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு பேய்க்குப் பின்னாலும் ஓர் உண்மையான சாவு நிற்பது தெரியும். அந்தச் சாவைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

மின்சாரம் வராத காலத்தில் தோட்டத்து இரவு எப்படி இருந்தது என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். லயத்தின் கடைசி வீட்டோடு வெளிச்சம் முடிந்துவிடும். அதற்கப்பால் வரிசை வரிசையாகப் பால்மரங்கள். விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து போக வேண்டும். இருட்டிலே மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தம்கூட யாரோ பின்னால் வருவதுபோல் இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பேய்க் கதை விளையாமல் வேறு என்ன விளையும்?

ஜொகூர் தோட்டங்களில் இரண்டு நாட்டுப் பேய்க் கதைகள் ஒன்றாகக் கலந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது மோகினியையும் முனியையும் மனத்தில் சுமந்து வந்தார்கள். பக்கத்துக் கம்பத்திலோ மலாய்க்காரர்களின் பொந்தியானாக் ஏற்கெனவே குடியிருந்தது. நீண்ட கூந்தல், வெள்ளை உடை, வாழை மரத்தடி, இரவில் வீசும் செம்பங்கி மணம், குழந்தை அழுவதுபோல் ஒரு குரல் என்று அதன் அடையாளங்களை நம் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மோகினியும் பொந்தியானாக்கும் தோட்டத்திலே அக்காள் தங்கை போல் ஆகிவிட்டார்கள்.

இந்தப் பொந்தியானாக் யார்? வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் மலாய்க்காரர்களின் நம்பிக்கைகளைத் தொகுத்து 1900ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பிரசவத்தில் இறந்த தாய் 'லங்சுயிர்' என்ற ஆவியாகிறாள் என்றும், செத்துப் பிறந்த அவளுடைய குழந்தைதான் பொந்தியானாக் என்றும் அதில் காணலாம். பிற்காலத்தில் தாயும் பிள்ளையும் ஒன்றாகிப் பொந்தியானாக் என்ற ஒரே பெயர் நிலைத்துவிட்டது. அப்படி இறந்தவள் எழுந்து பறந்துவிடக் கூடாது என்பதற்காக, அவள் வாயில் கண்ணாடி மணிகளைப் போட்டு, அக்குளில் கோழிமுட்டையை வைத்து, உள்ளங்கையில் ஊசியைக் குத்தி அடக்கம் செய்தார்களாம். நினைத்துப் பார்த்தால் நெஞ்சம் கனக்கிறது. பத்து மாதம் சுமந்து, வலியிலே உயிரை விட்ட ஒரு பெண்ணைக் கண்டு ஊரே பயந்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இதே சாவு இருந்தது. ஆனால் அதற்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் காணலாம். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் அதிலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். தன் சுமையை இறக்கி வைக்க முடியாமலே போய்விட்டாள் அவள். ஊரார் இறக்கும் ஒவ்வொரு சுமையிலும் அவளுடைய பாரம் குறையும் என்பது நம்பிக்கை. இறந்தவள் ஒருத்திதான், அவளைப் பேயாக்கிப் பயந்ததும் மனிதர்கள்தான், கல்லாக்கி வணங்கியதும் மனிதர்கள்தான்.

இனிப் படத்துக்கு வருவோம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாய்ப் படங்கள் பிறந்த இடம் அதுதான். ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்தது. அதற்குப் போட்டியாக, லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து 1953இல் கேத்தே கெரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலாளிகள் சீனர்கள், நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர்களோ தொடக்க காலத்தில் பெரும்பாலும் இந்தியர்கள்! பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், பானி மஜும்தார், எல். கிருஷ்ணன், பி. என். ராவ், கே. எம். பாஸ்கர் என்று பட்டியல் நீளும். மலாய்ப் படங்களில் பாட்டும் கண்ணீரும் நம் படங்களைப் போலவே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

'பொந்தியானாக்' என்ற படம் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. நாடு சுதந்திரம் அடைய இன்னும் நான்கு மாதம் இருந்தது. கேத்தே கெரிஸ் தயாரிப்பு, இயக்கியவர் பி. என். ராவ். 1941இல் தமிழில் வெளிவந்த 'மதனகாமராஜன்' படத்தை இயக்கியவரும் இவர்தான். கதை அப்துல் ரசாக். பொந்தியானாக்காக நடித்தவர் மரியா மெனாடோ. இந்தோனேசியாவின் மெனாடோவில் பிறந்த அவர் அக்காலத்துப் பேரழகி என்று பெயர் பெற்றவர். அந்தப் பேரழகியைக் கூனியாகவும் கோரமாகவும் காட்டிய படம் இது.

கதை இதுதான். அவலட்சணமான ஒரு பெண்ணை ஊரார் ஏளனம் செய்கிறார்கள். மந்திர மருந்தால் அவள் அழகியாகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை: இரத்தம் அவள் நாவில் படவே கூடாது. திருமணம் நடக்கிறது, குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்ற அவள் கடிவாயில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் படுகிறது. அந்தக் கணமே அவள் பொந்தியானாக்காக மாறிவிடுகிறாள்.

இந்தப் படம் எனக்குப் பிடித்ததற்கு அந்த ஒரு காட்சி போதும். அவள் பேயானது பாவம் செய்ததால் அல்ல. கணவன் மேல் வைத்த அன்பால். பாம்புக்கடி என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பால் காட்டில் வேலை செய்கிற கணவனுக்காக எதையும் செய்யத் துணிகிற மனைவி நம் லயத்திலும் உண்டு. மலாய்ப் படமாக இருந்தாலும் இனவேறுபாடு இல்லாமல் மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். வரவேற்பைக் கண்ட நிறுவனம் அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்' என்ற இரண்டாம் படத்தையும், 1958இல் 'சும்ப்பா பொந்தியானாக்' என்ற மூன்றாம் படத்தையும் வெளியிட்டது. மூன்றுக்கும் ராவே இயக்குநர். மரியா மெனாடோவே கதாநாயகி.

இங்கே ஒரு சோகமும் உண்டு. முதலிரண்டு படங்களும் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நிறுவனத்தை விட்டுப் பிரிந்த ஹோ ஆ லோக் அந்தப் படச்சுருள்களை ஓர் ஈயக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று சினிமா வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. மூன்றாம் படம் மட்டும் தப்பியது. ஜெர்மனியில் 1922இல் எடுக்கப்பட்ட 'நோஸ்ஃபெராட்டு' என்ற இரத்தக் காட்டேரிப் படத்துக்கும் ஏறக்குறைய இதே கதி வந்தது. 'டிராகுலா' நாவலை அனுமதியின்றிப் படமாக்கியதாக, அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் எங்கெங்கோ சிதறியிருந்த சில பிரதிகள் பிழைத்துக்கொண்டன. உலகம் இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கிறது. நம் பொந்தியானாக்குக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. முதல் படத்தைப் பார்த்தவர்களின் நினைவில்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து 'ஓராங் மின்யாக்'. உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு இரவில் வீடு புகுந்து பெண்களைக் கெடுப்பவன் என்று 1950களில் ஊரெங்கும் பயந்துகொண்டிருந்த உருவம் இது. 1958ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு இவனைப் படமாக்கின. கேத்தே கெரிஸுக்காக இயக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். 1950இல் 'பக்தி' என்ற படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவரும் இவரே. அந்த ரம்லி, ஷா நிறுவனத்துக்காக 'சும்ப்பா ஓராங் மின்யாக்' படத்தைத் தாமே இயக்கி நடித்தார். குருவும் சீடனும் ஒரே பேயை இரண்டு பக்கமிருந்து துரத்தினார்கள் என்று சொல்லலாம்!

ரம்லியின் படத்தில் வருபவன் துணியில் சித்திரம் தீட்டும் ஒரு கூனன். கலைஞன், ஆனால் ஊரார் அவனை எள்ளி நகையாடுகிறார்கள். கூன் நீங்கி அழகு கிடைத்ததும் கொடுத்த வாக்கை மீறுகிறான். கடைசியில் சைத்தானுக்குத் தன்னை விற்று ஓராங் மின்யாக் ஆகிறான். அவன் செய்வது மன்னிக்கத்தக்கதல்ல என்று படம் தெளிவாகச் சொல்கிறது. கூடவே, ஏளனம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் காட்டுகிறது. இருட்டைக் கண்டு பெண்கள் பட்ட பயம் வீண் பயமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் சரியில்லாத வீட்டிலும் விளக்கில்லாத வழியிலும் பெண்ணுக்கு வரக்கூடிய ஆபத்துக்குச் சமுதாயம் வைத்த பெயர்தான் ஓராங் மின்யாக்.

ஜொகூர் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு கதையும் படமாயிற்று. பேய்ப் படம் அல்ல. ஆனாலும் என் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. கோத்தா திங்கியில் கம்போங் மக்காம் என்ற இடத்தில் சுல்தான் மாமூட்டின் சமாதி இருக்கிறது. 1699ஆம் ஆண்டு பல்லக்கில் போகும்போது கொல்லப்பட்டவர் அவர். ஏன் கொல்லப்பட்டார் என்பதற்குக் கர்ண பரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. தளபதியின் மனைவி டாங் அனும் நிறைமாதக் கர்ப்பிணி. மசக்கையில் ஆசைப்பட்டு, அரண்மனைப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள். அதற்குத் தண்டனையாக அவள் வயிற்றைக் கிழிக்கச் சொன்னாராம் சுல்தான். போர்முனையிலிருந்து திரும்பிய கணவன் பழி தீர்த்தான். இந்தக் கதையைக் கேத்தே கெரிஸ் 1961இல் படமாக்கியது, இயக்கியவர் கே. எம். பாஸ்கர். டாங் அனுமை யாரும் பேயாக்கவில்லை. கோத்தா திங்கியில் கணவனுக்கும் அவளுக்கும் சமாதி உண்டு. மக்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுச் சுமைதாங்கிக் கல் எனக்கு ஞாபகம் வருகிறது.

சரி, தமிழ்ப் படங்கள்? தோட்டத்து மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய காலத்திலும், ஜொகூர் பாரு, குளுவாங், மூவார் பட்டணங்களுக்குப் போய்ப் பார்த்த காலத்திலும், பிறகு வீடியோ நாடாவை வாடகைக்கு எடுத்த காலத்திலும் நம்மவர்கள் விட்டுவைக்காதவை தமிழ்ப் பேய்ப் படங்கள். கையை முழ முழமாக நீட்டும் பேய், தன் காலையே விறகாக அடுப்பில் வைக்கும் பேய் என்று தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த விட்டலாச்சாரியா படங்கள் பயத்தோடு சிரிப்பையும் தந்தன.

என் மனத்தில் முதலிடம் பெறுவது ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'. 1963இல் வந்த படம். கல்யாண்குமாரும் தேவிகாவும் நடித்தார்கள். ஜமீன்தாரின் மகன் ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்தஸ்து குறுக்கே நிற்கிறது. அப்பாவே அந்தக் காதலை அழிக்கிறார். காதலர்கள் மறுபிறவி எடுத்து வந்தால், நூறு வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் மறுபடியும் அவர்களைப் பிரிக்கக் காத்திருக்கிறார். நம்பியாரின் வேடத்தைப் பார்த்துக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொள்ளும். இந்தப் படத்தில் உயிரோடிருப்பவர்தான் பேய். ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு பிறவியோடு சாவதில்லை என்று இதைவிட அழுத்தமாகச் சொன்ன படம் எனக்குத் தெரியாது. பாழடைந்த மாளிகையின் இருளைப் படம்பிடித்தவர் வின்சென்ட். அவரே மறு ஆண்டு வைக்கம் முகம்மது பஷீரின் கதையை 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படமாக இயக்கினார். அதிலும் கொலையுண்ட ஒரு பெண்தான் பேயாக உலவுகிறாள்.

1978இல் துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' வந்தது. நடிகை ஷீலா மலையாளத்தில் இயக்கிய 'யக்ஷகானம்' படத்தின் தமிழாக்கம் இது. புதுமணப் பெண்ணின் உடம்பில், கணவனை முன்பு காதலித்து இறந்துபோனவளின் ஆவி புகுந்துகொள்கிறது. தங்கையைக் காப்பாற்றப் போராடும் அண்ணனாக ரஜினிகாந்த் நடித்தார். 2005இல் பி. வாசு இயக்கிய 'சந்திரமுகி'யிலும் அவர் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார். ஆனால் மனநல மருத்துவராக. 1993இல் ஃபாசில் எடுத்த 'மணிச்சித்ரத்தாழ்' என்ற மலையாளப் படத்தின் கதை அது. இரண்டு படங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 27 ஆண்டுகள். முதல் படத்தில் வந்தது ஆவி. இரண்டாவதில் வந்தது நோய். நம் சமுதாயம் நடந்து வந்த தூரத்தை இந்த இரண்டு படங்களே காட்டிவிடுகின்றன.

நேயர்களே, தொடங்கிய இடத்துக்கு இப்போது வர வேண்டும். இத்தனை பேய்களும் ஏன் பெண்களாகவே இருக்கின்றன? அதிலும் பிரசவத்தில் இறந்தவர்களாக ஏன் இருக்கின்றன? காரணம் எளிது. அப்படி இறந்தவர்கள் ஏராளம். மலாயாவில் 1950ஆம் ஆண்டு வாக்கில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் உயிரிழந்தார்கள். ஆளில்லாத தோட்டமில்லை, இந்தத் துக்கம் நடக்காத தோட்டமும் இல்லை என்பார்கள் பழையவர்கள். இரத்தப்போக்கில் சிலர் போனார்கள். காய்ச்சல் கண்டு ஜன்னியில் பிதற்றிச் சிலர் போனார்கள். இரத்தக் கொதிப்பு ஏறி, கைகால் இழுத்துச் சிலர் போனார்கள். பிதற்றலையும் இழுப்பையும் கண்டவர்கள் "பேய் பிடித்துவிட்டது" என்று பூசாரியைத் தேடினார்கள். மருந்து தேட வேண்டிய நேரம் வேப்பிலையில் கழிந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற உலகப் புகழ்பெற்ற பயங்கரக் கதையை 1818இல் வெளியிட்ட மேரி ஷெல்லியின் தாய், அவரைப் பெற்ற சில நாட்களிலேயே பிரசவக் காய்ச்சலால் இறந்தவர். லண்டன் மாநகரத்தின் படித்த குடும்பத்திலும் அதே சாவு. கோத்தா திங்கிக் கம்பத்திலும் அதே சாவு. பயங்கரக் கதைகளின் வேர் அந்தச் சாவில் இருக்கிறது.

அதை விரட்டியது மந்திரமல்ல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கிராமப்புறச் சுகாதார நிலையங்கள் பெருகின. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் வீடு தேடி வந்தார்கள். 1966ஆம் ஆண்டின் மருத்துவச்சிகள் சட்டம், பரம்பரை மருத்துவச்சிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. 1991முதல் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தாலும் ஏன் இறந்தாள் என்று விசாரிக்கும் முறை வந்தது. 1990களுக்குள் லட்சத்துக்கு ஐந்நூறு என்பது ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. பொந்தியானாக்கின் உள்ளங்கையில் ஊசி குத்தி ஊர் சாதிக்க முடியாததை, தாதியின் கையிலிருந்த ஊசி சாதித்துவிட்டது!

அதற்காகப் பேய்ப் படங்கள் முடிந்துபோகவில்லை. பல ஆண்டு இடைவெளிக்குப் பின், 2004இல் ஷுஹாய்மி பாபா என்ற பெண் இயக்குநர் 'பொந்தியானாக் ஹாரும் சுண்டல் மாலாம்' படத்தை எடுத்தார். மாயா கரின் நடித்த அந்தப் படத்தில் கர்ப்பிணியாகக் கொல்லப்பட்ட நடனக்காரி ஒருத்தி நியாயம் கேட்டு வருகிறாள். பொந்தியானாக் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் இம்முறை ஒரு பெண்ணே அவள் கதையைச் சொன்னாள்.

ஆகவே இனி பேய்ப் படம் பார்க்கும்போது தாராளமாகப் பயப்படுங்கள்; கொடுத்த காசு வீணாகக் கூடாது. படம் முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இவள் எப்படிச் செத்தாள்? நல்ல பேய்ப் படம் அதற்குப் பதில் சொல்லும். உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போன ஒரு பாட்டியோ பெரியம்மாவோ இருந்திருக்கலாம். அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சாலையோரத்தில் கல் நட நம்மால் முடியாமல் போகலாம்; ஒரு வரி எழுதி வைக்க யாராலும் முடியும்.